ஒரு மலிவு இழைப்புளியோடு ஐந்து மாதங்கள்

மகளுக்குப் படிப்பு மேசை ஒன்றை என் கையாலேயே செய்து தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். பலகைகளும் வந்து சேர்ந்துவிட்டன. ரம்பம் ஓடிய தழும்புகள் அப்படியே தெரியும் பலகைகள் அவை; இழைத்துச் சமப்படுத்தினால்தான் அடுத்த வேலையைத் தொடங்க முடியும். தச்சு வேலை சொல்லித்தர அருகில் யாரும் இல்லை. வேலை முடிந்து வந்த பிறகு கிடைக்கும் மாலை நேரமும் விடுமுறை நாட்களும்தான் என் கையில் இருந்தன. அந்த நிலையில் புதிதாக ஓர் இரும்பு இழைப்புளியை, கிடைத்தவற்றிலேயே மிகக் குறைந்த விலையில் வாங்கினேன். அதைச் சரியாக ஓடவைக்க முயன்றதில் ஐந்து மாதங்கள் போயின. அதற்காக நான் அடுத்தடுத்து வாங்கிய பொருட்களுக்கான செலவு, அந்த இழைப்புளியின் விலையைப்போல மூன்று மடங்குக்கு மேல் ஆயிற்று. அவ்வளவுக்குப் பிறகும் அது ஓடவில்லை. பின்னர் துருப்பிடித்த ஒரு பழைய இழைப்புளியை அதே மலிவு விலைக்கு வாங்கி, ஒரே நாளில் கண்ணாடி போலச் சீவவைத்தேன். இழைப்புளியில் எந்தக் குறையை நம் கையால் தீர்க்க முடியும், எந்தக் குறையைத் தீர்க்க முடியாது என்பதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் அந்த ஐந்து மாதங்களும் மிஞ்சியிருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் நாள் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியிலிருந்து எடுத்த இழைப்புளியை அப்படியே பலகையில் வைத்துத் தள்ளினேன். அரை அடி வரை ஒன்றுமே சீவவில்லை. திடீரென்று அலகு மரத்தைக் கவ்வி நின்றது. இன்னும் அழுத்தித் தள்ளியபோது கடகடவென்று அதிர்ந்துகொண்டே போய், பலகையில் ஏணிப் படிகளைப் போன்ற குறுக்குத் தழும்புகளை விட்டுச் சென்றது. அலகைச் சற்றே உள்ளிழுத்தால் எதுவும் சீவவில்லை. சற்றே வெளியே விட்டால் மறுபடியும் கவ்வியது. இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு இருக்கும் என்று நம்பி இரவு பத்து மணி வரை திருகிக்கொண்டே இருந்தேன். நல்ல பலகை ஒன்றில் விரல் நுழையும் அளவுக்குக் குழி விழுந்ததுதான் மிச்சம். அன்று எனக்கு வந்த எண்ணம், கருவி சரியாகத்தான் இருக்கும், எனக்குத்தான் கை வரவில்லை என்பது. புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள் என்று தோன்றுகிறது. புது இழைப்புளி, அதிலும் விலை குறைந்தது, பெட்டியிலிருந்து வரும்போது வேலைக்குத் தயாராக வருவதில்லை. அதன் அலகு சாணை இயந்திரத்தில் பிடித்த நிலையிலேயே இருக்கும், தீட்டப்பட்டிருக்காது. இந்த ஒரு செய்தி தெரியாமல் பல இரவுகள் என் கையையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்து நான் செய்தது இன்னும் பெரிய தவறு. இழைப்புளியின் அடித்தளம் சமமாக இருந்தால்தான் ஓடும் என்று எங்கோ கேள்விப்பட்டு, எடுத்த எடுப்பிலேயே அடித்தளத்தைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டேன். தடித்த கண்ணாடி ஒன்றை வாங்கி, அதன்மேல் 80 ஆம் எண் உப்புத்தாளை விரித்து, முன்னும் பின்னுமாகத் தேய்த்தேன். பதினோரு மாலைகள், இருபதுக்கும் மேற்பட்ட தாள்கள், இரண்டு கைகளிலும் கொப்புளம். கடைசியில் எஃகு அடிக்கோலை வைத்து வெளிச்சத்தில் பார்த்தபோது நெஞ்சு கனத்துப்போனது. தொடக்கத்தில் ஏறக்குறைய நேராக இருந்த அடித்தளம் இப்போது நடுவில் மேடாகவும் இரு முனைகளில் தாழ்ந்தும் இருந்தது. நான் தாளைக் கண்ணாடியில் ஒட்டவில்லை. இரு ஓரங்களிலும் கிளிப் போட்டுப் பிடித்திருந்தேன். தள்ளும் திசையில் இழைப்புளிக்கு முன்னால் தாள் சிறு அலையாக எழும்பி, ஒவ்வொரு முறையும் முனைகளைக் கூடுதலாகத் தின்றிருக்கிறது. அதோடு, அலகையும் அதை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் அழுத்துமூடியையும் கழற்றி வைத்துவிட்டுத் தேய்த்தேன். அழுத்துமூடியை இறுக்கும்போது இரும்பு உடல் மிகச் சிறிய அளவில் வளையக்கூடும் என்பதால், அலகை உள்ளிழுத்து, வேலை செய்யும்போது இருக்கும் அதே இறுக்கத்தில் மூடியைப் பூட்டித்தான் தேய்க்க வேண்டும்.

அடித்தளத்தைப் பற்றிப் பின்னால் நான் புரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடித்தளம் முழுவதும் கண்ணாடிபோல் ஒரே தளத்தில் இருக்க வேண்டிய தேவையே இல்லை. முன்முனை, வாய்க்கு (அலகு வெளியே நீட்டும் பிளவுக்கு) சற்று முன்னால் உள்ள பகுதி, பின்முனை ஆகிய மூன்றும் ஒரே தளத்தில் தொட்டால் போதும். இடையில் சிறு பள்ளம் இருந்தாலும் கெடுதல் இல்லை. வாய்க்கு முன்னால் பள்ளம் இருந்தால்தான் கெடுதல், ஏனென்றால் அலகு கவ்வும் இடத்தில் மரத்தை அழுத்திப் பிடிக்க ஆள் இல்லாமல் போகிறது. தேய்ப்பதற்கு முன் அடித்தளத்தில் மார்க்கர் பேனாவால் குறுக்குக் கோடுகள் போட்டு, நான்கைந்து முறை மட்டும் தள்ளிவிட்டுப் பாருங்கள். அந்த மூன்று இடங்களிலும் கோடுகள் அழிந்திருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். இல்லையென்றால், பின்பக்கம் ஒட்டும் வகைத் தாளையோ பசை தடவிய தாளையோ அசையாத சமதளத்தில் ஒட்டி, இழைப்புளியின் நடுப்பகுதியில் அழுத்தம் கொடுத்துத் தள்ளுங்கள். முனைகளில் அழுத்தக் கூடாது. கோடுகள் அழியும் விதத்தை அடிக்கடி திருப்பிப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். நான் அதைப் பார்க்காமல் எண்ணிக்கை மட்டும் வைத்துத் தேய்த்தேன்.

அடித்தளத்தில் தோற்ற பிறகு அலகின் பக்கம் திரும்பினேன். இது சரியான திசைதான், ஆனால் அங்கும் அவசரப்பட்டேன். அலகின் முனையில் சிறு பற்கள் உடைந்திருந்ததால், வேகமாகச் சுற்றும் சாணை இயந்திரத்தில் வைத்து அழுத்திப் பிடித்தேன். சில வினாடிகளில் முனை வைக்கோல் மஞ்சளாகி, உடனே நீலம் பாய்ந்தது. கார்பன் எஃகு ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸில் அந்த நீலத்தைக் காட்டும்; அதற்குள் எஃகின் கடினத்தன்மை இறங்கிவிட்டிருக்கும். அப்படி நீலம் பாய்ந்த முனையை எவ்வளவு தீட்டினாலும் நான்கு சீவலில் மழுங்கிவிடும். நீலமான பகுதி முழுவதையும் மெதுவாகத் தேய்த்துத் தள்ளிவிட்டு, அதற்கு மேலுள்ள நல்ல எஃகில் புதிதாக முனை பிடிப்பதுதான் ஒரே வழி. ஆகவே சாணை இயந்திரத்தைத் தொடுவதாக இருந்தால் பக்கத்திலேயே தண்ணீர் வைத்துக்கொண்டு, தொட்டுத் தொட்டு எடுத்து, அலகைப் பிடித்திருக்கும் விரலுக்குச் சூடு தெரிந்த உடனே நனைக்க வேண்டும். என்னைக் கேட்டால், தொடக்கக்காரருக்குச் சாணை இயந்திரமே வேண்டாம். 220 ஆம் எண் உப்புத்தாளைச் சமதளத்தில் ஒட்டித் தேய்த்தால் சற்று நேரம் பிடிக்கும், ஆனால் எஃகு கெடாது.

அலகைக் கெடுத்துக்கொண்ட துக்கத்தில், பணத்தால் தீர்த்துவிடலாம் என்று நினைத்து 3 மி.மீ. தடிப்பான மாற்று அலகு ஒன்றை வாங்கினேன். அதன் விலை இழைப்புளியின் விலையைவிட அதிகம். வந்த பிறகுதான் தெரிந்தது, என் இழைப்புளிக்கான அலகின் தடிப்பு 2 மி.மீ. தான் என்று. புதிய அலகு வாய்க்குள் நுழையவே மறுத்தது. அலகை ஏற்றி இறக்கும் சக்கரத்தோடு இணைந்த கவையின் நுனியும், தடித்த அலகைத் தாண்டி, அலகின்மேல் திருகால் பிணைக்கும் மேல்தகட்டின் துளைக்கு எட்டவில்லை. கவைக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வாயையாவது பெரிதாக்கலாம் என்று அரத்தை எடுத்து முன் விளிம்பை அராவினேன். அது கோணலாகப் போயிற்று. அன்றிரவு எல்லாவற்றையும் ஒரு துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டு, இனி இந்த வேலையே வேண்டாம் என்று படுத்துவிட்டேன். மேசை எப்போது வரும் என்று மகள் கேட்பதை அதற்குள் நிறுத்தியிருந்தாள். அவள் கேட்டுக்கொண்டே இருந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

ஆறு வாரங்கள் கழித்துத்தான் மறுபடி பரணிலிருந்து இறக்கினேன். இந்த முறை எதையும் தேய்க்காமல், ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பார்த்தேன். இழைப்புளியின் உடலுக்குள் அலகைச் சாய்வாகத் தாங்கிப் பிடிக்கும் பாகத்துக்கு ஃபிராக் என்று பெயர். பெரும்பாலான இழைப்புளிகளில் அது 45 டிகிரி சாய்வில் இருக்கும். அதன் அடியில் மார்க்கர் மையைத் தடவி, உடலில் அதன் இடத்தில் வைத்து லேசாக அசைத்துவிட்டு எடுத்தேன். மை இரண்டே இரண்டு புள்ளிகளில் மட்டும் பதிந்திருந்தது. கட்டைவிரலால் ஓர் ஓரத்தை அழுத்தினால் மறு ஓரம் எழும்பியது. வார்ப்பிரும்பில் செய்ய வேண்டிய அந்தப் பாகம் என்னுடையதில் மடித்து அழுத்திய மெல்லிய இரும்புத் தகடாக இருந்தது. அதன் அலகு தாங்கும் முகமும் நடுவில் குழிந்திருந்தது. அலகு ஆடும் பாகத்தின்மேல் உட்கார்ந்திருந்தால் மரத்தில் பட்டவுடன் அது பின்னால் வளைந்து, விடுபட்டு, மறுபடி வளையும். அந்த ஏணிப்படித் தழும்புகள் எங்கிருந்து வந்தன என்பது அப்போதுதான் புரிந்தது. ஐந்து நிமிடச் சோதனை இது. முதல் நாளே செய்திருந்தால் தாள்களும் கண்ணாடியும் மாற்று அலகும் எனக்குத் தேவைப்பட்டிருக்காது. வார்ப்பிரும்பு ஃபிராக்கில் பெயிண்ட் கட்டியோ சிறு பிசிரோ இருந்து அதனால் ஆடினால் அரத்தால் அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். தகட்டில் மடித்த ஃபிராக்கை நான் அறிந்தவரை எதுவும் செய்ய முடியாது. வாங்கும்போது இந்த ஒரு பாகத்தை மட்டும் பார்த்தால்கூடப் பாதிக் கண்டத்தைத் தாண்டிவிடலாம்.

இந்த வகை இழைப்புளியின் அமைப்பை உருவாக்கியவர் அமெரிக்கரான லியோனார்ட் பெய்லி. அவருடைய காப்புரிமைகளை 1869 இல் ஸ்டான்லி நிறுவனம் வாங்கியது. அதன்பின் பல நாடுகளில் பல நிறுவனங்கள் அதே அமைப்பைப் பின்பற்றிச் செய்துவந்திருக்கின்றன. வாங்குபவருக்கு இதில் ஒரு நன்மை உண்டு. பெயர் தெரியாத பழைய இழைப்புளியாக இருந்தாலும், கனமான வார்ப்பிரும்பு உடலும் வார்ப்பிரும்பு ஃபிராக்கும் இருந்தால் அதைத் தயங்காமல் எடுத்துப் பார்க்கலாம். அளவுகளுக்கும் அன்று வந்த எண்களே இன்றும் வழங்குகின்றன: 4 ஆம் எண் ஏறத்தாழ 9 அங்குல நீளம், 5 ஆம் எண் 14 அங்குலம், 7 ஆம் எண் 22 அங்குலம். 4 ஆம் எண் மேற்பரப்பை முடிக்கவும், 7 ஆம் எண் நீண்ட விளிம்புகளை நேராக்கவும் வசதி. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 5 ஐ வாங்குங்கள் என்பேன். கரடுமுரடான பலகையைச் சீவவும் முடியும், ஓரளவு நேராக்கவும் முடியும், அலகை நன்றாகத் தீட்டிவிட்டால் மேற்பரப்பையும் முடித்துவிடலாம்.

இரண்டாவது இழைப்புளியாக நான் எடுத்தது அந்த 5 ஆம் எண்தான். உடல் முழுக்கத் துரு, பின் கைப்பிடியில் ஒரு விரிசல். விற்றவர் அதைப் பழைய இரும்பாகவே நினைத்திருந்தார். வாங்குவதற்கு முன் அங்கேயே பிரித்துப் பார்த்தேன். முதலில் வாயின் இரு மூலைகளிலும் பக்கச் சுவர்களிலும் விரிசல் இருக்கிறதா என்று நகத்தை ஓட்டிப் பார்த்தேன்; வார்ப்பிரும்பு கீழே விழுந்தால் அந்த இடங்களில்தான் பிளக்கும், பிளந்தால் அதோடு அதை விட்டுவிட வேண்டியதுதான். அடுத்து ஃபிராக்கைக் கழற்றி மறுபடி வைத்து, ஆடுகிறதா என்று அழுத்திப் பார்த்தேன், பாறைபோல் நின்றது. திருகுகள் அனைத்தும் இருக்கின்றனவா, புரி தேயாமல் இருக்கிறதா என்று பார்த்தேன். பழைய இழைப்புளிகள் பலவற்றின் திருகுகளில் இன்று பொதுவாகக் கிடைக்காத புரி அளவு இருக்கும். ஒரு திருகு தொலைந்திருந்தால் தேடித் தேடி நாள் போய்விடும். கடைசியாக அலகின் தட்டையான பின்முகத்தைத் துடைத்துப் பார்த்தேன். வெட்டும் முனைக்குப் பக்கத்தில் துரு அரித்துக் குழிகள் விழுந்திருந்தால் முனை ஒருபோதும் முழுமையாக வராது. எனக்குக் கிடைத்த அலகில் குழிகள் மேலே இருந்தன. முனையருகே அரை அங்குலம் சுத்தமாக இருந்தது. மேலே படிந்த துரு, கைப்பிடி விரிசல், மங்கிய நிறம் போன்றவற்றைக் கண்டு பின்வாங்க வேண்டாம். துரு வினிகரில் ஓர் இரவு ஊறினால் இளகிவிடும். ஊறிய இரும்பைத் தேய்த்துக் கழுவி, உடனே ஈரம் போகத் துடைத்து எண்ணெய் பூச வேண்டும். விரிசலைப் பசை போட்டு இறுக்கிக் கட்டினால் போதும்.

தீட்டுவதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இழைப்புளியின் வேலையில் பெரும்பங்கு இதுதான். வெட்டும் முனை என்பது இரண்டு முகங்கள் சந்திக்கும் கோடு. இரண்டில் ஒன்று கரடாக இருந்தாலும் கோடு கரடாகத்தான் இருக்கும். சரிவு முகத்தைப் பளபளவென்று தீட்டிவிட்டுப் பின்முகத்தை மறந்துவிடுவது எல்லோரும் செய்வது, நானும் செய்தேன். பின்முகம் முழுவதையும் தட்டையாக்கத் தேவையில்லை, முனையை ஒட்டி ஒரு சென்டிமீட்டர் போதும். அதுவும் பிடிவாதம் பிடித்தால், அரை மி.மீ. தடிப்புள்ள மெல்லிய எஃகு அளவுகோலைத் தீட்டுக்கல்லின் ஓர் ஓரத்தில் வைத்து, அலகின் மேற்பகுதியை அதன்மேல் சாய்த்து, முனையை மட்டும் கல்லில் படவைத்துத் தேய்க்கலாம். டேவிட் சார்ல்ஸ்வொர்த் என்ற பிரிட்டிஷ் தச்சு ஆசிரியர் பரவலாக்கிய முறை இது. என் பழைய அலகுக்கு இதுதான் கைகொடுத்தது. சரிவு முகத்தை 25 டிகிரியில் பிடித்து, நுனியை மட்டும் 30 டிகிரியில் தீட்டினேன். கோணத்தைக் கையால் பிடிக்க எனக்கு அப்போது வரவில்லை. அலகைப் பக்கவாட்டில் இறுக்கிப் பிடிக்கும் சிறு சக்கரம் வைத்த துணைக்கருவி ஒன்றைப் பயன்படுத்தினேன். விலை குறைந்த அந்தக் கருவியில் அலகு 50 மி.மீ. வெளியே நீட்டினால் 25 டிகிரி, 38 மி.மீ. நீட்டினால் 30 டிகிரி வரும். ஒரு மரத்துண்டில் அந்த இரண்டு அளவுகளுக்கும் தடுப்பு அடித்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டியதில்லை.

ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு எப்போது போவது என்பதைப் பிசிர்தான் சொல்லும். 1000 ஆம் எண் கல்லில் தேய்க்கும்போது, பின்முகத்தின் ஓரத்தில் விரலை முனைக்கு வெளிப்புறமாக இழுத்துப் பார்த்தால், நூல்போல் ஒரு சொரசொரப்புத் தட்டுப்படும்; அதுதான் பிசிர். அது ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை இடைவிடாமல் தட்டுப்பட வேண்டும். எங்காவது வழவழப்பாக இருந்தால் அந்த இடத்தில் கல் இன்னும் முனையைத் தொடவில்லை என்று பொருள். பிசிர் முழுவதும் வந்த பிறகு 6000 அல்லது 8000 ஆம் எண் கல்லுக்குப் போய், சரிவையும் பின்முகத்தையும் மாறி மாறித் தேய்த்தால் பிசிர் உதிர்ந்துவிடும். கற்கள் வாங்க வசதி இல்லாதவர் கண்ணாடியில் ஒட்டிய நுண்ணிய நீர்த்தாள்களைப் பயன்படுத்தலாம். தொடக்கச் செலவு குறைவு, நாளடைவில் தாள் செலவு கூடும். முடித்ததும் முனையை விளக்குக்கு நேரே காட்டுங்கள். எங்காவது வெள்ளைக் கோடாக ஒளி திரும்பி வந்தால் அங்கே மழுங்கல் இருக்கிறது. கூரிய முனை ஒளியைத் திருப்பாது, கறுப்பாகவே தெரியும். இன்னொன்று: தீட்டும்போது கடைசிச் சில தேய்ப்புகளில் இரு மூலைகளிலும் சற்றே கூடுதலாக அழுத்தி அவற்றை ஒரு மயிரிழை தாழ்த்திவிட்டால், இழைத்த பலகையில் அலகின் ஓரக் கோடுகள் விழாது.

அதற்கு அடுத்த இடம் மேல்தகட்டுக்கு. அலகோடு திருகால் பிணைந்திருக்கும் அந்தத் தகட்டை நான் வெறும் தாங்கி என்றே எண்ணியிருந்தேன். அலகோடு இறுக்கிய பின் இரண்டுக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால், சீவல் அந்த இடைவெளிக்குள் நுழைந்து அடைத்துக்கொள்ளும். மேல்தகட்டின் முன் விளிம்பைத் தீட்டுக்கல்லில் வைத்து, அதன் வால்பக்கம் கல்லின் தளத்துக்குச் சற்றுத் தாழ்வாக இருக்குமாறு பிடித்துத் தேய்த்தால், நுனி மட்டும் அலகில் கச்சிதமாகப் படியும். பத்து நிமிட வேலை. இதைவிட முக்கியமானது, மேல்தகட்டின் நுனி அலகின் முனையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது. கரடாகச் சீவும்போது 1 முதல் 1.5 மி.மீ. இருக்கட்டும். நாரோட்டம் திரும்பித் திரும்பி ஓடும் பலகையில், எந்தப் பக்கமிருந்து இழைத்தாலும் ஏதோ ஓரிடத்தில் நார் பிய்ந்துகொண்டு வரும். அப்போது நுனியை 0.3 மி.மீ. அளவுக்கு, வெளிச்சத்தில் பார்த்தால் மெல்லிய பளபளப்புக் கோடு மட்டும் தெரியும்படி, முன்னால் கொண்டுவர வேண்டும். எழும்பும் சீவலை அந்த நுனி உடனே முன்புறமாக மடக்கிவிடுவதால், முனைக்கு முன்னால் மரம் பிளந்து ஓட இடம் கிடைப்பதில்லை. ஜப்பானின் யமகாட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கவாய், காட்டோ ஆகிய ஆய்வாளர்கள் இது நிகழ்வதை மிக அருகிலிருந்து படம்பிடித்தே காட்டியிருக்கிறார்கள். சரியாக வைத்தால் சீவல் சுருளாமல் நேராக மேலே எழும்பும். விசிறி மடிப்புப்போல் கசங்கி வந்தால் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டது என்று தெரிந்துகொண்டு சற்றுப் பின்னுக்கு இழுக்கலாம். மேசையின் மேல்பலகையில் ஒரு கணுவைச் சுற்றி ஓர் உள்ளங்கை அகலத்துக்கு நார் பிய்ந்துகொண்டே இருந்தது. எத்தனையோ முறை இழைத்தும் தீராதது, இந்த மாற்றத்துக்குப் பின் மூன்று சீவலில் மறைந்தது. கையால் தடவிப் பார்த்து நம்பாமல், கண்ணை மூடி மறுபடி தடவினேன்.

பொருத்தும் வரிசையையும் குறித்துக்கொள்ளுங்கள். ஃபிராக்கின் முகமும் வாயின் பின் விளிம்பும் ஒரே சாய்வில் தொடர்வதுபோல் ஃபிராக்கை நிறுத்தி இறுக்க வேண்டும். வாயைக் குறுக்குவதற்காக அதை அதிகம் முன்னால் நகர்த்தினால் அலகின் அடிப்பகுதிக்குத் தாங்கல் போய், மறுபடி அதிர்வு வரும். அழுத்துமூடியின் திருகு, ஏற்றி இறக்கும் சக்கரத்தை ஒரே விரலால் சுற்ற முடிகிற அளவுக்கு மட்டும் இறுகியிருக்கட்டும். அந்தச் சக்கரத்தைத் திசை மாற்றிச் சுற்றும்போது முதலில் சிறிது தூரம் வெறுமனே சுழலும். பழைய கருவிகளில் அது ஒரு முழுச் சுற்றுக்கும் மேல்கூட இருக்கும். ஆகவே அலகை எப்போதும் உள்ளிழுத்துவிட்டு, முன்னோக்கிக் கொண்டுவந்து அந்த நிலையில் நிறுத்த வேண்டும். பின்னோக்கிச் சுற்றி நிறுத்தினால் இழைக்க இழைக்க அலகு தானாகப் பின்வாங்கும். இரு பக்கமும் சமமாகச் சீவுகிறதா என்று பார்க்க, விரலகல மென்மரச் சில்லு ஒன்றை எடுத்து, வாயின் இடது ஓரத்தில் ஒருமுறை, வலது ஓரத்தில் ஒருமுறை அலகின்மேல் இழுத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே தடிப்பில் துகள் வரும்வரை பக்கவாட்டு நெம்புகோலை நகர்த்துங்கள். விரலை அலகில் வைத்துப் பார்க்க வேண்டாம். அடித்தளத்தில் மெழுகுவர்த்தியால் இரண்டு வளைகோடு போட்டுவிட்டால், தள்ளும் பாரம் பாதியாகக் குறைந்ததுபோல் இருக்கும்.

இதையெல்லாம் முடித்துவிட்டு அன்று சாயங்காலம் பழைய இழைப்புளியைப் பலகையில் வைத்தேன். அலகு மரத்தைத் தொடாத நிலையில் தொடங்கி, ஒவ்வொரு தள்ளலுக்கும் சக்கரத்தை ஒரு துளி முன்னே நகர்த்தினேன். நான்காவது தள்ளலில் தூசிபோல் வந்தது. ஆறாவதில் ஒரு பக்கம் மட்டும் நூலாக வந்தது. எட்டாவதில், ஸ்ஸ்ஸ் என்று ஒரே சீரான ஓசையோடு, பலகையின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை அறுபடாத ஒரு சுருள் வாய்க்கு மேல் எழுந்து என் மணிக்கட்டில் விழுந்தது. அதை விரித்துச் செய்தித்தாளின் மேல் வைத்தேன். எழுத்துக்களைப் படிக்க முடிந்தது. பலகையில் அந்தத் தடம் ஈரம் பட்டதுபோல் மின்னியது. ஐந்து மாதங்களாக என் கையில் ஏதோ குறை என்று நம்பியிருந்தவனுக்கு அந்த ஓசை என்னவாக இருந்திருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. மகளைக் கூப்பிட்டு அவள் கையிலும் கொடுத்தேன். தொடங்கும்போது முன் குமிழிலும் முடிக்கும்போது பின் கைப்பிடியிலும் அழுத்தம் இருக்கட்டும் என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு இரண்டாவது தள்ளலிலேயே சுருள் வந்தது.

அதன்பின் மேசையின் எல்லாப் பலகைகளையும் இழைக்க நான்கு விடுமுறை நாட்கள் ஆயின. இடையில் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி அலகைத் தீட்டினேன். பலகைகளில் இரண்டு தேக்கு, தேக்கில் உள்ள மணல்தன்மை முனையை விரைவில் மழுக்கிவிடும். ஓசை மாறினாலோ, அழுத்தம் கூட்ட வேண்டியிருந்தாலோ தீட்டும் நேரம் வந்துவிட்டது என்று இப்போது கை தானாகவே அறிகிறது. நுண்கல்லில் மட்டும் தேய்த்து மறுபடி பூட்ட ஐந்து நிமிடம் போதும். முழுக்க மழுங்கும்வரை விட்டால்தான் அது அரை மணி நேர வேலையாகிறது. வேலை முடிந்ததும் எண்ணெய் தோய்ந்த துணியால் அடித்தளத்தையும் பக்கங்களையும் ஒருமுறை துடைத்து, அலகை உள்ளிழுத்து வைக்கிறேன்.

முதல் இழைப்புளியையும் தூக்கி எறியவில்லை. அதன் பழைய அலகில் நீலம் பாய்ந்த பகுதியைத் தேய்த்துத் தள்ளி, முனையை நேர்க்கோடாக இல்லாமல் ஏறத்தாழ 75 மி.மீ. ஆரமுள்ள வில்லாக வளைத்துத் தீட்டினேன். நான் கோணலாக அராவிப் பெரிதாக்கிய வாய், தடித்த சில்லுகள் வெளியேற இப்போது வசதியாக இருக்கிறது. வளைந்த முனை குறுகிய பள்ளமாக மட்டும் கவ்வுவதால், நாருக்குக் குறுக்காகத் தள்ளும்போது ஃபிராக்கின் ஆட்டம் பெரிதாகத் தொல்லை தருவதில்லை. ரம்பத் தழும்போடு வரும் பலகை எதுவானாலும் முதலில் அதைத்தான் எடுக்கிறேன். மேடுகளை அது வெட்டித் தள்ளிய பிறகு 5 ஆம் எண் கைக்கு வருகிறது.